சுவரைப் பார்த்துச் சாப்பிட்டவர்

என் மகளின் வயிற்றில் ஒரு முடி சிக்கியிருக்கிறது என்று நான் முழு மனதோடு நம்பினேன். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, பிரஷர் முள்ளையும் டெம்பரேச்சர் முள்ளையும் எட்டு மணி நேரம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குபவன். அப்படியிருந்தும் நம்பினேன். பயந்துபோன மனிதனுக்குப் படிப்பெல்லாம் மழையில் நனைந்த பட்டாசு மாதிரி. கையில் இருக்கும், வெடிக்காது.

அப்போது கயலுக்கு ஐந்து வயது. உலகத்தில் ஆறு சாமான்தான் சாப்பிடுவாள். வெள்ளைச் சோறு, தயிர், தோசை, வாழைப்பழம், முறுக்கு, ஒரு ரக பிஸ்கட். பிஸ்கட் உடைந்திருந்தால் அதுவும் கிடையாது. கடலூர்க் கடற்கரைக் குப்பத்தில், வலை இழுத்த அப்பாவுக்குப் பிறந்தவன் நான். மகளுக்கு ஆசையாகக் கயல்விழி என்று மீனின் பெயரை வைத்தோம். மீன் வீட்டுக்குள் வந்தால் அவள் வீட்டை விட்டு வெளியே போவாள். "நம்ம வூட்டுப் புள்ளக்கி மீனு ஆவலன்னா வெளிய சொல்லாதடா" என்றார் என் அப்பா. ஏதோ நான் கொலைக் கேஸில் மாட்டிக்கொண்ட மாதிரி.

நாங்கள் குடியிருந்தது சிதம்பரத்தில். என் மனைவி செல்விக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. அவளுடைய அண்ணன், என் மச்சான், புவனகிரிக்காரர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். அவர்தான் சொன்னார்.

"இது தொக்கம் மாப்ள. உள்ள ஏதோ சிக்கிக்கிட்டு இருக்குது. அதான் எறங்க மாட்டேங்குது. கிள்ளைக்கிப் போற வழியில ஒருத்தரு எடுக்குறாரு. பொசுக்குனு எடுத்துருவாரு."

பொசுக்கென்றுதான் எடுத்தார். கயலைப் படுக்க வைத்து, வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, ஒரு சின்னக் குழாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். இரண்டு பருக்கை, ஒரு முடி. கயல் கத்திய கத்தலில் பக்கத்துத் தோப்பில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. எனக்கோ ஒரே ஆனந்தம். எதிரியின் முகத்தைப் பார்த்துவிட்டோமே! அந்த முடியைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்து, மறுநாள் காலையில் குழந்தை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கேதான் அவரை முதலில் பார்த்தேன்.

சிதம்பரம் மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த கிளினிக். வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் டோக்கன் கொடுக்கும் அம்மா. ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வாயில் புடவை. சிரிக்காத முகம். எல்லோரும் அவரை டோக்கனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பேரு?"

"எம் பேருங்களா, பாப்பா பேரா?"

"யாருக்கு ஒடம்பு சரியில்லையோ அவுங்க பேரு."

"அப்ப எம் பேரையே எழுதிக்குங்க" என்று சொல்லி நானே சிரித்தேன். பதற்றம் வந்தால் எனக்கு ஜோக் வரும். சிலருக்கு ஏப்பம் வருகிற மாதிரி. அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார்.

"அது என்ன?"

"பாப்பா வயித்துல இருந்து எடுத்ததுங்க. டாக்டருக்குக் காட்டணும்."

திறந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கயலின் தலையைப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடி என்னிடம் தந்தார்.

"சார், இது நரைச்ச முடி."

பின்னால் வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல், மருந்து அட்டைப்பெட்டியில் வெட்டிய டோக்கன் ஒன்றைக் கயலிடம் நீட்டினார். என்னிடம் இல்லை, கயலிடம். "நீங்க பதினேழு. அந்தக் கூடையில புக்கு இருக்குது. புடிச்சத எடுத்துக்குங்க."

குழந்தைகளை அவர் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். பெரியவர்களுக்கும் அதே வாங்க, போங்கதான். ஆனால் குரலில் கொஞ்சம் மரியாதை குறைந்திருக்கும்.

காய்கறி வாங்கும் சிவப்புப் பிளாஸ்டிக் கூடை அது. அதில் பதினைந்து, இருபது படப் புத்தகங்கள். கிழிந்த இடமெல்லாம் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், "வந்துச்சு" என்பார். குழந்தைகள் புத்தகம் என்றால் நான் நினைத்திருந்தது யானை, பலூன், நல்ல பிள்ளை, மிட்டாய். இந்தக் கூடையில் இருந்தது வேறு சரக்கு. தாய் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போன பிறகு தனியாக நிற்கும் குட்டி. தம்பி பிறந்ததிலிருந்து வீட்டில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும் ஒரு அக்கா. கட்டிலுக்கடியில் கோபத்தை உலைப்பானையாக வைத்துக் கொதிக்கவிடும் பையன். ஊசி போட வந்த குழந்தைக்கு இதையெல்லாம் கொடுத்தால் விளங்குமா என்று நினைத்தேன். நான் மட்டுமல்ல, வந்த பெற்றோர் எல்லோரும் நினைத்தார்கள்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பக்கத்தைப் பெரியவர்கள் திருப்பக் கூடாது.

ஒரு நாள் பெரிய மீசை வைத்த ஒருவர் மகனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டிக் கதையைக் காட்டினார். ஒரு பக்கத்தில் காலிக் கொட்டகையும் முளைக்குச்சியில் அறுந்த கயிறும் மட்டும் இருக்கும். ஒரு எழுத்து கிடையாது. பையன் அதையே பார்த்தான். உதடு பிதுங்கியது. அப்பாவுக்குத் தாங்கவில்லை. "அம்மா ஆடு வந்துரும்டா செல்லம், இங்க பாரு" என்று பக்கத்தைத் திருப்பப் போனார். டோக்கனம்மா எழுந்துபோய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவுங்க இன்னும் இந்தப் பக்கத்துலதான் இருக்காங்க சார்."

"அழுவுறானே!"

"அழட்டும். அழ வேண்டிய எடம்தான் அது. நீங்க கொஞ்சம் வெளிய பாருங்க."

அதுதான் அவர் வாயில் அடிக்கடி வந்த வார்த்தை. வெளிய பாருங்க. அந்த கிளினிக்கில் பெற்றோர்கள் எல்லோரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எதிரே பஞ்சர் கடையில் எத்தனை டியூப் தொங்கும் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

கயல் முதல் நாள் எடுத்த புத்தகத்தைத்தான் கடைசிவரை எடுத்தாள். ஒரு சின்னப் பெண், அவளுக்கு முன்னால் ஒரு தட்டு. அடுத்த பக்கத்தில் தட்டு கொஞ்சம் பெரிதாகும். அதற்கடுத்த பக்கத்தில் இன்னும் பெரிது. பெண் சிறுத்துக்கொண்டே வருவாள். நடுப்பக்கத்தில் தட்டு கிணறு மாதிரி இருக்கும். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்க்கும் எறும்பு மாதிரி இருப்பாள். பிறகு தட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கத் தொடங்கும். கதை முடிகிற இடத்தில் கடைசிப் பக்கம் இல்லை.

"கடைசிப் பக்கம் எங்கங்க?"

"இல்ல."

"அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சா இல்லியா?"

"இந்தப் புக்குல அது இல்ல."

ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். என் நிலைமையில் அது கதையில்லை, லேப் ரிப்போர்ட். ரிசல்ட் இருக்கும் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுத்தால் எவனுக்குத் தூக்கம் வரும்?

கிணற்றுத் தட்டு இருக்கும் பக்கத்தில் கயல் இருபது நிமிடம்கூட உட்கார்ந்திருப்பாள். நான் பஞ்சர் கடையைப் பார்த்தபடி ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பேன்.

"சார்."

"நான் பாக்கலிங்க."

"உங்க முதுகுலயே தெரியுது."

ஒரு நாள் கயல் என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினாள். "அப்பா, இந்தப் பாப்பாவ யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்க."

"படத்துல வேற யாரும் இல்லியேம்மா."

"இதுக்கு வெளிய நிக்கிறாங்க."

நான் சிரித்து, அவள் தலையைத் தடவிவிட்டேன். புரிந்தவன் மாதிரி தடவுவது ஒரு கலை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சத்து குறைவாக இருக்கிறது, எடை ஏறவில்லை, ஆனால் வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னார். அதை அவர் சொன்னது ஒரே தடவை. சொந்தக்காரர்கள் அதற்கு நேர்மாறானதை நூறு தடவை சொன்னார்கள். நான் ஓட்டுப் போட்டு மெஜாரிட்டியைப் பின்பற்றினேன்.

என் தொழில் என்ன? பார்ப்பது. ஒரு மணிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுதுவது. அதே மாதிரி வீட்டிலும் ஒரு லாக் ஷீட் போட்டேன். நேரம், சாமான், வைத்த அளவு, தின்ற அளவு, குறிப்பு. குறிப்புக்கு மட்டும் சிவப்பு மை. கயல் ஒரு வாய் வாங்கினால் வீட்டில் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்பதும் என் கண்டுபிடிப்புதான். செல்வி தட்டுவாள், நான் தட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தால் விசிலும் உண்டு. முதல் நாள் கயல் திகைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு நெத்திலி. அப்பா கடலூரிலிருந்து நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடி பண்ணிக் கொடுத்தனுப்பினார். "தோச மாவுல ஒரு சிட்டிக. அதுக்குத் தெரியவா போவுது?" நானே கலந்து, நானே ஊற்றினேன். கயல் தட்டின் பக்கம் வரக்கூட இல்லை. அறைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என்னைப் பார்த்தாள். அவள் மூக்கு அப்படி. கம்பெனியிலிருந்து வந்தால், "அப்பா, நீ மருந்து பாட்டில் வாசன அடிக்கிற, குளி" என்பாள். அந்த வாசனை எனக்குத் தெரியவே தெரியாது. வருஷக்கணக்கில் அதற்குள்ளேயே இருந்து என் மூக்கு ரிட்டயர் ஆகிவிட்டது. நான் அந்த மூக்கை நம்பி அவள் மூக்கை ஏமாற்றப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தோசையும் போச்சு. ஆறு சாமான் ஐந்தானது.

அடுத்த முறை கிளினிக்கில் இதைப் பெரிய காமெடியாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். டோக்கனம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

"ஏமாத்துனீங்களா?"

"நல்லதுக்குத்தாங்க..."

"அவுங்ககிட்ட இருந்ததே ஆறு சாமான். அதுல ஒண்ணுக்குள்ள நீங்க திருட்டுத்தனம் பண்ணிட்டீங்க. இனிமே மீதி அஞ்சையும் மோந்து பாத்துதான் தின்னுவாங்க. அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"என்ன சொல்றது?"

"தப்புன்னு."

நாற்பது வயதில், பத்துப் பேருக்கு நடுவில், ஐந்து வயதுப் பெண்ணுக்கு முன்னால் குனிந்து, "தோசைல மீனு போட்டது அப்பா தப்பு" என்று சொன்னேன். கயல் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் தட்டுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக விட்டார். நான் அதைக் காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை வீதம் சத்தமாகப் படித்தேன். நான்கே நாளில் கயல் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது டோக்கனம்மா அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது டானிக் இல்ல சார்" என்றார். புத்தகத்தைக் கூடையில் போடாமல் கொஞ்ச நாள் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தார், அதற்கும் ஓய்வு வேண்டும் என்கிற மாதிரி. பிறகு ஒரு நாள் கயலே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்ததா? சொல்லத் தெரியவில்லை. என் ஜோக்குக்கு ஒரு தடவைகூடச் சிரிக்காத மனுஷி. அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் ஹோம்வொர்க் எழுதாமல் போன பையன் மாதிரி இருக்கும். ஆனாலும் கயல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அவர் மேசைக்குத்தான் போவாள். இரண்டு பேரும் என்னவோ மெதுவாகப் பேசுவார்கள். நான் பஞ்சர் கடையைப் பார்ப்பேன்.

ஒரு மதியம் கயலின் தண்ணீர் பாட்டிலை அங்கேயே மறந்துவிட்டு, அவளை வீட்டில் விட்டபின் நான் மட்டும் திரும்பிப் போனேன். கிளினிக் காலி. டோக்கனம்மா தன் நாற்காலியை முழுவதும் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்துக்கும் சுவருக்கும் ஒரு முழம்கூட இருக்காது. சத்தம் கேட்டதும் டப்பாவை மூடினார்.

"பாட்டில் அங்க இருக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க."

போயிருக்க வேண்டும். என் வாய் போகவிடவில்லை. மூடுவதற்குள் பார்த்துவிட்டேன். வெறும் தயிர்சாதம். "என்னங்க, தொட்டுக்க ஊறுகா கூட இல்லியா?"

"ஆகாது."

"சக்கரையா, பிரஷரா?"

"அதெல்லாம் இல்ல. எனக்குச் சோறு, தயிரு, அப்பளம், வாழப்பழம். அவ்ளோதான். மீனு, கறி, முட்ட, கத்திரிக்கா, கீர, எதுவும் வாய்க்குள்ள போவாது. சின்னதுல இருந்தே."

"இந்த வயசு வரைக்குமா?"

"இந்த வயசு வரைக்கும்."

"வூட்டுல அடிச்சிருப்பாங்களே?"

"அடிச்சாங்க. அடிச்சா நாக்கு மாறிடுமா?" அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "கட்டிக்குடுத்த எடத்துல மீனு இல்லாம சோறு கெடையாது. மொத வாரம் எல்லாரும் சுத்தி நின்னாங்க. ஒரு வாய்தான, ஒரு வாய்தானன்னு. மாமியா கையப் புடிச்சிக்கிட்டாங்க. அவரு ஊட்டுனாரு. எல பூரா வாந்தி. நாலே மாசத்துல அம்மா வூட்டுக்கு வந்துட்டேன். அப்பறம் போவல." டப்பா மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "அதுலேருந்து யாராவது பாத்தா தொண்ட மூடிக்கும். செவுரு பாக்காது. அதான்."

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. "இதெல்லாம் கயலுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களுக்கு என்னல்லாம் புடிக்காதுன்னு கேட்டாங்க. அத மட்டும் சொன்னேன். ஏன் செவுரப் பாத்து ஒக்காருறீங்கன்னு கேட்டாங்க. இப்புடி ஒக்காந்தா எறங்குதுன்னு சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன் சார்."

அன்று மாலை ஷிப்டுக்குக் கடலூர் பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் கயலுக்குக் கல்யாணம் பண்ணி, பந்தியில் உட்கார வைத்து, வாந்தி எடுக்க வைத்து, நாலு மாதத்தில் வீட்டுக்கும் கூட்டி வந்துவிட்டேன். சிப்காட் நிறுத்தம் வருவதற்குள் அவளுக்கு ஐம்பது வயது. எங்கேயோ ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்புகிறாள். இறங்கும்போது கண்டக்டர், "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். என் மகள் வாழாவெட்டியாகிவிட்டாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் அப்போது யு.கே.ஜி.

அடுத்த திங்கட்கிழமை காலை, கயல் தன் சின்ன நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் ஓரமாகப் போட்டாள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கயலு, இந்தப் பக்கம் திரும்பும்மா."

"அப்பா, நீ வெளிய பாரு."

கைதட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. செல்வி என் தோளில் தட்டி, "வுடுங்க, சாப்புடுறா இல்ல" என்றாள். என்னால் விட முடியவில்லை. நான் பஸ்ஸில் பார்த்த ஐம்பது வயதுப் பெண், அந்த முதுகில் இருந்தாள். ஒரு வாரம் முழுவதும் அதே முதுகு. லாக் ஷீட்டில் குறிப்புக் கட்டத்தில் ஆறு நாளும் சிவப்பு மையில் எழுதினேன்: சுவரைப் பார்த்து. சுவரைப் பார்த்து. சனிக்கிழமை காலை அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன். போட்ட கையோடு கிளம்பி, கயல் இல்லாமல் தனியாக கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் அறைக்குப் பாதிக் கதவுதான். மேலும் கீழும் திறந்திருக்கும். உள்ளே பேசுவது வெளியே மேசை வரை கேட்கும். அது எனக்குத் தெரியும்.

"டாக்டர், உங்க டோக்கனம்மா எம் பொண்ணக் கெடுக்கிறாங்க. அவுங்களுக்கே ஏதோ கோளாறு. சாப்புட வேணாம்னு சொல்லித் தர்றாங்க. மத்த புள்ளைங்களுக்கும் சொல்றாங்க, நானே கேட்டேன்."

நான் கேட்கவில்லை. அப்படி எதையும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. பயத்தில் வந்த வாக்கியம் அது. ஜோக் வரும் அதே இடத்திலிருந்துதான் வந்தது.

"அப்படியா சொன்னாங்க?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

வெளியே வந்தேன். டோக்கனம்மா மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"கேட்டுக்கிட்டே இருந்தீங்க இல்ல. இந்தாங்க."

தெருமுனைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தேன். தட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம். கிழிந்தது இல்லை, ஓரம் பிளேடு வைத்து நேராக அறுத்தது. தட்டு காலி. அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றி அம்மா, அப்பா, மாமா, அத்தை, தாத்தா எல்லோரும் குனிந்து நின்று கைதட்டுகிறார்கள். அத்தனை முகமும் அவளுக்கு வெகு கிட்டே. வரைந்தவருக்கு அது சந்தோஷமான முடிவு. நான் அந்த அப்பாவின் கைகளைப் பார்த்தேன். வெகுநேரம் அங்கேயே நின்றேன். திரும்பிப் போய் உள்ளே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இருபது தப்படிதான் இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று எனக்கு ஷிப்ட் இல்லை.

அடுத்த முறை கயலோடு போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒரு பெண். கூடை இருந்த இடத்தில் டி.வி., அதில் கார்ட்டூன். பெற்றோர்கள் யாரும் தெருவைப் பார்க்கவில்லை.

"அந்தம்மா எங்கப்பா?"

"ரிட்டயர் ஆயிட்டாங்கம்மா."

அதையே செல்வியிடமும் சொன்னேன், மச்சானிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி நிஜமாகிவிட்டது. ஒரு தடவை மட்டும் கிளினிக் கம்பவுண்டரிடம் அவர் எப்போது நின்றார், வீடு எங்கே என்று விசாரித்தேன். முதலாவதைச் சொன்னார், வீடு தெரியாது என்றார். சரி, பெயராவது சொல்லுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். இத்தனை மாதம் என் மகள் பெயரை நோட்டில் எழுதியவரின் பெயரை இப்போது போய் எப்படிக் கேட்பது? கேட்காமலே வந்துவிட்டேன்.

கைதட்டுவதை நிறுத்தினோம். லாக் ஷீட்டை நிறுத்தினேன். கயலின் நாற்காலி சுவரைப் பார்த்தே பல மாதம் இருந்தது. பிறகு கொஞ்சம் சாய்ந்தது. ஒரு வருஷம் கழித்து ஜன்னலைப் பார்த்தது. இப்போது அவளுக்குப் பதினொன்று. எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஐந்து சாமான் பதினாலு ஆகியிருக்கிறது. தோசை திரும்பி வந்துவிட்டது. நெத்திலி வரவில்லை, எந்த மீனும் வரவில்லை. பள்ளியில் டூர் போனால் இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட் உடையாமல் இருக்குமா என்று பையைத் திறந்து திறந்து பார்ப்பேன்.

போன மாதம் வீடு மாற்றினோம். பழைய ஃபைலிலிருந்து அந்த லாக் ஷீட்கள் விழுந்தன. கயல் பொறுக்கி எடுத்துத் தரையில் உட்கார்ந்து படித்தாள். முதலில் சிரித்தாள். "என்னப்பா இது, நான் என்ன உங்க பாய்லரா?" பிறகு கடைசி ஷீட்டில் நின்றாள். அவள் ஒரு பக்கத்தில் நின்றால் நான் திருப்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

"செவப்புல 'சுவரைப் பார்த்து'ன்னு ஆறு தடவ எழுதியிருக்க. பக்கத்துக் கட்டத்துல சின்னதா எழுதியிருக்கியே, அதப் பாக்கலியா?"

"என்ன?"

"திங்கக்கெழம, இட்லி பாதி. புதன்கெழம, இட்லி ஒண்ணு. சனிக்கெழம, இட்லி ரெண்டு, தேங்கா சட்னி கொஞ்சம்." நிமிர்ந்தாள். "இட்லி நான் அங்கதான் மொதமொத சாப்பிட்டேனா? அந்தச் செவுத்துல?"

என் கையெழுத்துதான். எட்டு மணி நேரம் முள்ளைப் பார்க்கச் சம்பளம் வாங்குபவன், முள் ஏறியதை எழுதிவிட்டுப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"அந்த டோக்கனம்மா ரிட்டயர் ஆனது அந்த வாரம்தானப்பா?"

அவளிடம் சொன்னேன். அவர் ரிட்டயர் ஆகவில்லை. நான் டாக்டரிடம் பொய் சொன்னேன். அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.